ஸ்விட்சுக்கு முதல் மரியாதை

"மோட்டார நிறுத்துங்க, தண்ணி வழியுது!" காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் இந்தக் குரல் கேட்காத நாள் குறைவு. கத்துவது பெரும்பாலும் எதிர்வீட்டுக்காரர். மோட்டாரைப் போட்டவருக்குத் தன் வீட்டு மாடித் தொட்டி தெரியாது. எதிர் மாடியில் துணி காயப்போடுகிறவருக்குத்தான் தெரியும். வீட்டைத் தானியங்கியாக்குவது பற்றிப் பேச்செடுத்தாலே நிறம் மாறும் விளக்கையும் குரல் கேட்டுத் திறக்கும் திரைச்சீலையையும் காட்டுகிறார்கள். ஆறு ஆண்டுகளாக மதுரையில் எங்கள் வீட்டில் இந்த வேலையைப் பொழுதுபோக்காகச் செய்து வருகிறேன். என்னைக் கேட்டால், நம் ஊர் வீட்டில் முதலில் தானாக இயங்க வேண்டியது தண்ணீர் மோட்டார். இந்தத் துறையின் அறிவியல் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது: அளப்பது, முடிவெடுப்பது, செய்வது, செய்தது நடந்ததா என்று மறுபடி அளப்பது.

இதன் பழைய வடிவம் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. கழிப்பறை ஃபிளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் ஒரு வால்வு. நீர் ஏற ஏற மிதவை ஏறும், வால்வு மூடும். நீரின் அளவே நீரின் வரத்தைக் கட்டுப்படுத்துகிறது. இதைத்தான் பொறியியலில் பின்னூட்டம் என்கிறோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் வாழ்ந்த டெசிபியஸ் என்ற கிரேக்கர், தம் நீர்க்கடிகாரத்தில் நீர் ஒரே சீராக விழ மிதவையைப் பயன்படுத்தியதாக வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். மின்சாரம் இல்லை, சிப் இல்லை, இணையம் இல்லை. ஆனால் கொள்கை இன்று நம் கைப்பேசியில் ஓடும் தானியங்கி நிரல்கள் வரை அதேதான்.

மோட்டாருக்கு வரும்போது மட்டும் ஒரு சிக்கல். மிதவை வால்வு கொஞ்சம் திறக்கலாம், கொஞ்சம் மூடலாம். மோட்டாருக்கு ஓடுவது, நிற்பது என்ற இரண்டே நிலைதான். "தொட்டி நிறைந்தால் நிறுத்து, குறைந்தால் ஓட்டு" என்று ஒரே கோட்டை எல்லையாக வைத்தால் என்ன ஆகும்? யாரோ ஒருவர் கை கழுவினாலே நீர்மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கும், மோட்டார் ஓடும். அரை நிமிடத்தில் நிற்கும். அடுத்தவர் குழாயைத் திறந்ததும் மறுபடி ஓடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கை இழுக்கிறது. காயில் சூடாகி, கடைசியில் காயில் கட்டுகிற கடையில் போய் நிற்க வேண்டியதுதான். அதனால் இரண்டு கோடுகள் வேண்டும்: 30 சதவீதத்துக்கு இறங்கினால் ஓட்டு, 95 சதவீதத்துக்கு ஏறினால் நிறுத்து. நடுவில் எங்கே இருந்தாலும், என்ன செய்துகொண்டிருந்தாயோ அதையே தொடர். குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசரும் இஸ்திரிப் பெட்டியும் இந்த இரட்டைக் கோட்டு முறையில்தான் காலங்காலமாக இயங்குகின்றன.

கோடு போடுவது எளிது. நீர் எங்கே இருக்கிறது என்று அறிவதுதான் கடினம். இதில் நான் செலவழித்த மாதங்கள் அதிகம், கற்றுக்கொண்டதும் அதிகம்.

முதலில் எல்லோரையும் போல மீயொலி உணரியை வைத்தேன். தொட்டி மூடியில் துளையிட்டுப் பொருத்தினால், அது 40,000 ஹெர்ட்ஸ் ஒலியைக் கீழே அனுப்பும். ஒலி நீர்ப்பரப்பில் பட்டு எதிரொலித்து வரும் நேரத்தை அளந்து தூரம் சொல்லும். வௌவால் செய்கிற அதே கணக்கு. ஒரு மீட்டர் ஆழத்துக்கு எதிரொலி ஏறத்தாழ 6 மில்லி விநாடியில் திரும்பிவிடும். மேசை மேல் வைத்துச் சோதித்தபோது அருமையாக வேலை செய்தது. மாடியில் நடந்தது வேறு. கறுப்புத் தொட்டியின் உள்ளே மே மாத நண்பகலில் நீருக்கு மேலே உள்ள காற்று 45 பாகை வரை போகிறது, விடிகாலையில் 25. காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு பாகைக்கும் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடும். 20 பாகை வித்தியாசம் என்றால் வேகத்தில் மூன்றரை சதவீத வித்தியாசம். ஒரு மீட்டரில் மூன்றரை சென்டிமீட்டர் பிழை. யாரும் தண்ணீரைத் தொடாமலே மதியத்தில் நீர்மட்டம் ஏறியதாகத் திரையில் தெரிந்தது. கூடவே ஒரு வெப்பமானியை வைத்துக் கணக்கைத் திருத்தினேன். பிறகு நீராவி படிந்து உணரியின் முகம் துருப்பிடித்தது. நீர்புகா வகையை வாங்கினேன். அதற்கு முகத்துக்கு முன்னால் 20, 25 சென்டிமீட்டர் வரை குருட்டுப் பகுதி. தொட்டி நிறைகிற மட்டம் சரியாக அந்தக் குருட்டுப் பகுதிக்குள்தான் வருகிறது.

உலோகக் கம்பிகளை நீரில் தொங்கவிட்டு, நீர் தொட்டதும் மின்சாரம் பாய்வதை அறியும் முறையும் உண்டு. விலை குறைவு. ஆனால் நேர்மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் மின்னாற்பகுப்பு நடந்து ஒரு கம்பி கரையும். நாம் குடிக்கிற, சமைக்கிற தண்ணீரில் அது கரைகிறது என்பதால் அந்த வழியே வேண்டாம் என்று விட்டேன்.

கடைசியில் நிலைத்தது அழுத்த உணரி. தொட்டியின் அடியிலிருந்து வரும் குழாயில் வைத்தால், மேலே நிற்கும் நீரின் எடையை அது உணரும். ஒரு மீட்டர் உயர நீர் 9.8 கிலோபாஸ்கல் அழுத்தம் தரும். வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் அந்தக் கணக்கு மாறாது என்றே சொல்லலாம். குழாய் திறக்கும்போது அழுத்தம் சற்றே சரியும். ஒரு நிமிடச் சராசரியை எடுத்தால் அதுவும் அடங்கிவிடும்.

தொழிற்சாலைகளில் பயன்படும் இந்த வகை உணரிகள் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாகச் சொல்கின்றன. காலித் தொட்டிக்கு 4, நிறைந்த தொட்டிக்கு 20. ஏன் சுழியிலிருந்து தொடங்காமல் 4? கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகும். காலித் தொட்டியும் சுழி, அறுந்த கம்பியும் சுழி என்றால், எலி கடித்த கம்பியைப் பார்த்து "தொட்டி காலி" என்று நினைத்து மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். 4 என்றால் காலி, 0 என்றால் பழுது, பழுது என்றால் எதையும் ஓட்டாதே. எங்கள் வீட்டில் இன்றுள்ள எல்லாக் கருவிகளையும் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் அமைத்தேன்: நீ செத்துப்போனால் எனக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கேள்வியைக் கேட்காத காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மோட்டாரை இயக்க முதலில் ஒரு சிறிய ரிலேயை வைத்திருந்தேன். ரிலே என்பது ஒரு மின்காந்தமும் ஒரு ஸ்விட்சும். சிப் தரும் சிறு மின்சாரம் காந்தத்தை உயிர்ப்பிக்கும், காந்தம் ஸ்விட்சை இழுக்கும். அதன் மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. எங்கள் ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு ஐந்து, ஆறு ஆம்பியர் போதும். கணக்கு சரியாகத்தான் பட்டது. ஆனால் அந்த 10 ஆம்பியர், ஹீட்டர் போன்ற சுமைக்குச் சொன்னது. மோட்டார் கிளம்பும்போது 25, 30 ஆம்பியர் இழுக்கிறது. நிறுத்தும்போதோ, சுருளில் தேங்கிய காந்த ஆற்றல் போக வழியின்றித் தொடுமுனைகளுக்கு இடையே தீப்பொறியாகப் பாய்கிறது. சில மாதங்களில் தொடுமுனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஓர் இரவு சிப் "நிறுத்து" என்றது, ரிலே "டக்" என்று சத்தமும் எழுப்பியது, கைப்பேசியில் "மோட்டார் நின்றது" என்று வந்தது. மோட்டார் நிற்கவில்லை. விடியும்வரை தண்ணீர் மாடியிலிருந்து கொட்டியது. கீழ்த் தொட்டி வற்றிப்போய், அதன் பிறகு வெறுமனே ஓடி, மோட்டாரின் சீல் கருகியது. இரண்டு நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீர் அது.

இன்று மோட்டாரை இயக்குவது ஒரு கான்டாக்டர். இதுவும் ரிலே இனம்தான், ஆனால் தீப்பொறியை அணைக்கும் அறைகளோடு மோட்டாருக்கென்றே செய்யப்பட்டது. கடையில் கேட்கும்போது ஏசி-1 மதிப்பைப் பார்க்காதீர்கள், அது ஹீட்டருக்கு. ஏசி-3 மதிப்புதான் மோட்டாருக்கு. அந்தக் கான்டாக்டரின் சுருள் 24 வோல்ட்டில் இயங்குகிறது. அதன் வழியில் மாடித் தொட்டியில் ஒரு சாதாரண மிதவை ஸ்விட்சைத் தொடராகக் கோத்திருக்கிறேன். சிப் உறைந்துபோனாலும், நிரல் பிழையானாலும், நீர் விளிம்புக்கு வந்தால் மிதவை தூக்கி மின்சாரத்தைத் துண்டிக்கும். தொட்டிக்குள் 230 வோல்ட் இறங்கவே கூடாது என்பதால்தான் 24.

மோட்டார் உண்மையில் ஓடுகிறதா என்பதை இப்போது ரிலேயிடம் கேட்பதில்லை, மின்கம்பியிடம் கேட்கிறேன். கம்பியைச் சுற்றி ஒரு வளைய உணரி, அதோடு மின்னழுத்தத்தையும் சேர்த்து அளக்கும் ஒரு சிறு பலகை. வெறும் ஆம்பியரைப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இண்டக்‌ஷன் மோட்டார் சுமை இல்லாமல் சுழலும்போதும் தன் காந்தப்புலத்தைத் தக்கவைக்கக் கணிசமான மின்னோட்டத்தை எடுக்கும்; ஆம்பியர் அவ்வளவாக இறங்காது. வாட் கணக்குதான் உண்மை சொல்லும். பம்பு தண்ணீரைத் தூக்காமல் வெறுமனே சுற்றினால் வாட் சரியும். எங்கள் வீட்டில் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. அந்தச் சரிவு 20 விநாடி நீடித்தால் மோட்டார் நின்று, "கீழே தண்ணீர் இல்லை" என்று செய்தி வரும். இந்த ஒரு வசதிக்காகவே முழுச் செலவும் தகும் என்று தயங்காமல் சொல்வேன்.

"ஆணையிட்டேன், நடந்ததா?" என்ற கேள்வி இந்தத் துறையின் முதல் தலைமுறைக்கே தொல்லை கொடுத்திருக்கிறது. 1975இல் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் ஊரில் இருந்த பிகோ எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கியது. கால்குலேட்டர் சிப்புகள் செய்துகொண்டிருந்தவர்களின் பத்தாவது திட்டம் என்பதால் அந்தப் பெயர். புதிதாகக் கம்பி இழுக்காமல், வீட்டில் இருக்கும் மின்கம்பியிலேயே செய்தி அனுப்புவது அவர்கள் யோசனை. மாறுமின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 100 முறை அதன் மின்னழுத்தம் சுழியைக் கடக்கும். கம்பியில் இரைச்சல் குறைந்த அந்த நொடித்துளியில் 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றை ஒரு மில்லி விநாடிக்குச் செலுத்துவார்கள். துடிப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. வீட்டுக் குறி 16, கருவிக் குறி 16. மொத்தம் 256 முகவரிகள். நேர்த்தியான சிந்தனை. ஆனால் அடிப்படை எக்ஸ்10 கருவிகள் செய்தி கிடைத்ததென்று திருப்பிச் சொல்லாது. கம்பியில் வேறு ஏதாவது கருவி இரைச்சல் கிளப்பினால் ஆணை தொலைந்துபோகும்; அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது.

இன்றைய கருவிகள் திருப்பிச் சொல்கின்றன. சொல்லும் வழி பல. வைஃபை எல்லோருக்கும் தெரியும். பேட்டரியில் ஓடும் சிறு உணரிகளுக்கு அது ஆகாது, மின்சாரத்தைக் குடித்துவிடும். அவற்றுக்கு ஜிக்பீ. தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பி ஆடும் வளைவு நெளிவு நடனத்திலிருந்து வந்த பெயர். விநாடிக்கு 250 கிலோபிட் மட்டுமே. கதவு திறந்ததா, வெப்பம் எவ்வளவு என்று சொல்ல அதுவே தாராளம். பிளக்கில் செருகியிருக்கும் ஒவ்வொரு ஜிக்பீ கருவியும் அடுத்தவர் செய்தியை வாங்கிக் கடத்தும். எங்கள் வீட்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களை ஒரே தாவலில் தாண்ட முடியாத செய்தி, நடுவே ஹாலில் இருக்கும் பிளக்கின் தோளில் ஏறிப் பின்கட்டுக்குப் போகிறது. வைஃபையும் ஜிக்பீயும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் வெளியில் மோதிக்கொள்ளும் என்பதால், ஜிக்பீயை 25ஆம் தடத்தில் வைத்திருக்கிறேன். வைஃபையின் 11ஆம் தடம் அதற்குக் கீழேயே முடிந்துவிடுகிறது.

வந்து சேரும் செய்திகளைப் பகிர ஒரு பொது மொழி வேண்டும். அதன் பிறப்பும் ஒரு குழாயில்தான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1999இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பர் என்ற பொறியாளரும், பாலைநிலத்தில் நீளும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க எம்க்யூடிடி என்ற நெறிமுறையை எழுதினார்கள். செயற்கைக்கோள் இணைப்புக்குச் செலவு அதிகம், வேகம் குறைவு. ஆகவே செய்தி மிகச் சிறியதாக இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதற்கு அவர்கள் செய்த ஏற்பாட்டின் பெயர் "கடைசி உயில்". கருவி இணையும்போதே "நான் திடீரென்று மறைந்தால் இதை அறிவியுங்கள்" என்று ஒரு வாக்கியத்தைக் கொடுத்துவைக்கும். எங்கள் மாடித் தொட்டி உணரியும் அப்படி ஓர் உயில் எழுதி வைத்திருக்கிறது. அது மறைந்ததும் மோட்டார் தானியங்கி முறையிலிருந்து விலகிக்கொள்கிறது.

இவற்றுக்கெல்லாம் மூளையாக இருப்பது பூஜை அறைக்கு மேல் பரணில் உள்ள ஒரு சின்னக் கணினி. அதில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மூல மென்பொருள் ஓடுகிறது. பாலஸ் ஸ்கௌட்சன் என்ற டச்சுக்காரர் 2013இல் தொடங்கியது. சூரியன் மறைந்ததும் தன் வீட்டு விளக்குகள் எரிய வேண்டும் என்று அவர் எழுதிய சிறு நிரலே அதன் வித்து. சூரியன் மறைவது கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. மதுரையில் நவம்பர் இறுதியில் ஆறு மணிக்குச் சற்று முன்பே மறைகிறது. ஜூலையில் அது 6:40ஐத் தாண்டும். முக்கால் மணி நேர வித்தியாசம். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி மூன்றையும் கொடுத்தால் கணினி சரியாகக் கணித்துவிடும். அம்மா விளக்கேற்றும் நேரமும் வாசல் விளக்கு எரியும் நேரமும் எங்கள் வீட்டில் ஆண்டு முழுதும் ஒன்றாகவே போகின்றன.

மூளை வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். கடையில் கிடைக்கும் பெரும்பாலான கருவிகள் வேறு நாட்டில் உள்ள ஒரு சர்வரிடம் கேட்டுத்தான் உங்கள் படுக்கையறை விளக்கைப் போடும். அமெரிக்காவில் ரிவால்வ் என்ற கருவியை 300 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள். அதைத் தயாரித்த நிறுவனத்தை 2014இல் நெஸ்ட் என்ற நிறுவனம் வாங்கியது. 2016 மே 15 அன்று சர்வரை நிறுத்தியது. கருவியில் எந்தப் பழுதும் இல்லை. ஆனால் அன்றோடு அது வெறும் பெட்டி. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற இன்னொரு வீட்டுத் தானியங்கி நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. பிறகு பயனர்கள் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி உயிர்ப்பித்தார்கள். பணம் கொடுத்து வாங்கிய ஸ்விட்ச் வேறொருவர் தயவில் எரிவதை நான் ஏற்கவில்லை. 2014இல் சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் இஎஸ்பி8266 என்ற மலிவான வைஃபை சிப்பைக் கொண்டுவந்த பிறகு, சில நூறு ரூபாயில் நமக்கு வேண்டிய கருவியை நாமே செய்து, நம் கணினியோடு மட்டும் பேசவைக்க முடிகிறது.

பாதுகாப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அதன் ஆயுதம், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களின் பட்டியல்; சுமார் 60 ஜோடிகள். யாரும் மாற்றாமல் விட்டவை. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

மனிதர் இருப்பதை அறிந்து விளக்குப் போடுவது அடுத்த ஆசை. அதற்கான பிஐஆர் உணரி, நம் உடல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை, 9 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய கதிரை, உணர்கிறது. முன்னால் உள்ள வெள்ளைக் குமிழ் பல வில்லைகளாகப் பிரிந்து அறையைப் பட்டை பட்டையாகப் பார்க்கும். சூடான உடல் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தால்தான் தெரியும். அசையாமல் அமர்ந்து படிப்பவர் அதற்கு இல்லாதவர். குளிர்நாட்டில் எழுதப்பட்ட கையேடுகளில் இல்லாத இன்னொரு சங்கடம் மதுரையில் உண்டு. நம் தோலின் வெப்பநிலை 33, 34 பாகை. சித்திரை மாதத்தில் எங்கள் மேற்குச் சுவரும் அதே 34 பாகைதான். சுவரும் மனிதரும் ஒரே சூட்டில் இருந்தால் உணரிக்கு இருவரும் ஒன்றே. கோடையில் எங்கள் மாடிப்படி விளக்கு ஆள் பக்கத்தில் வந்த பிறகுதான் எரிந்தது.

24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் உணரி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. அதன் அலை ஒன்றேகால் சென்டிமீட்டர். மூச்சில் மார்பு ஏறி இறங்குவதைக்கூட அறியும். நம் வீட்டில் அதற்கு எதிரி சீலிங் ஃபேன். ஃபேன் சுழன்றாலே "ஆள் இருக்கிறார்" என்று விளக்கை அணைக்காது. சுவரில் இடுப்பு உயரத்தில் வைத்து, ஃபேன் அதன் பார்வைக்குள் வராதபடி திருப்பி, தூர எல்லையையும் குறைத்த பிறகுதான் அடங்கியது.

இனி ஸ்விட்ச். தலைப்பில் வைத்த சொல்லுக்கு வருகிறேன். ஸ்மார்ட் பல்புகளை வாங்கி மாட்டியவர்கள் எல்லோருக்கும் ஒரே அனுபவம்: வீட்டில் யாராவது சுவர் ஸ்விட்சை அணைப்பார்கள், பல்புக்கு மின்சாரம் நின்றுபோகும், கைப்பேசி விழிக்கும். உடனே ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டுவார்கள், "அணைக்காதீர்கள்" என்று எழுதி வைப்பார்கள். இது முறையல்ல. எழுபது வயதுத் தாயிடம், ஐம்பது ஆண்டுகளாகக் கை போன இடத்துக்குப் போகாதே என்று சொல்ல எந்தக் கருவிக்கும் உரிமை இல்லை. சாதாரண பல்பு, சாதாரண ஸ்விட்ச், நடுவில் போர்டுக்குள் மறைந்திருக்கும் ரிலே. இதுதான் சரி. நம் வீடுகளில் இதற்கு ஒரு வசதி உண்டு: ஸ்விட்ச் போர்டிலேயே பிளக் பாயிண்டும் இருப்பதால் நியூட்ரல் கம்பி பெரும்பாலும் அங்கே வந்திருக்கும். ரிலேக்கு மின்சாரம் கொடுக்க அது வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். மாடிப்படி விளக்கைக் கீழேயும் மேலேயும் போட்டு அணைக்கும் டூ-வே இணைப்பு எல்லா எலக்ட்ரீஷியன்களுக்கும் தெரியும். அந்த இரண்டு ஸ்விட்சுகளில் ஒன்றின் இடத்தில் ரிலேயை வையுங்கள். மற்றது சுவர் ஸ்விட்சாகவே இருக்கட்டும். சிப் செத்துக் கிடந்தாலும் ரிலே ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சுவர் ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரியும், மறுபடி தட்டினால் அணையும். விளக்கு எரிகிறதா இல்லையா என்று சிப்புக்குத் தானாகத் தெரியாது. அதற்குத் தனியே ஒரு மின்னோட்ட உணரி வேண்டும். எங்கள் வீட்டில் எல்லா அறைகளும் இப்படித்தான். ஒருமுறை பரண் கணினி பழுதாகி நான்கு நாள் கிடந்தது. நான் வெளியூரில் இருந்தேன். தொலைபேசியில் கேட்டேன். "எல்லாம் எரியுதேப்பா, என்ன ஆச்சு?" என்றார் அம்மா. எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது.

கரண்ட் போய் வருவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதிகாலை மூன்று மணிக்குக் கரண்ட் திரும்பும்போது வீட்டின் ஸ்மார்ட் விளக்குகள் அத்தனையும் பளீரென்று எரியும். பல கருவிகள் தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வருகின்றன. ஒவ்வொரு கருவியிலும் "மின்சாரம் திரும்பினால் என்ன நிலை" என்ற அமைப்பைத் தேடி மாற்றுங்கள். மோட்டாருக்கும் கீசருக்கும் நிலை எப்போதும் "அணை". ரவுட்டருக்கு ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் போதும். கணினியில் மெமரி கார்டு வேண்டாம், எஸ்எஸ்டி வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெடும், அதோடு ஓராண்டு உழைப்பும் போகும். எறும்புகளையும் மறக்காதீர்கள். ரிலேயின் கதகதப்பு அவற்றுக்குப் பிடிக்கும். தொடுமுனைகளுக்கு நடுவே போய்ச் செத்துக் கிடக்கும். மூடிய வகை ரிலே இதற்குத் தீர்வு.

மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லி இதை விற்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 20 கருவிகள், ஒவ்வொன்றும் சும்மா இருக்கும்போது ஒரு வாட் என்றால், 60 நாளில் 29 யூனிட் ஆகிறது.  75 வாட் பழைய ஃபேனை எடுத்துவிட்டு 30 வாட் பிஎல்டிசி ஃபேனை மாட்டி, நாளுக்கு 12 மணி நேரம் ஓட்டினால், அதே 60 நாளில் 32 யூனிட் மிச்சம். பணத்தை மிச்சப்படுத்த விரும்புகிறவர் முதலில் ஃபேனை மாற்றட்டும்.

வேறொரு காரணத்துக்காக இது தேவைப்படும் வீடுகளை நான் அறிவேன். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் ஊரில் தனியே. கேமரா வைக்க அவர்களுக்கு மனம் ஒப்பாது, ஒப்பவும் வேண்டாம். சமையலறைக் கதவில் ஒரு காந்தமும் ஒரு ரீட் ஸ்விட்சும் வைத்தால் போதும். காலை ஏழரை வரை அந்தக் கதவு திறக்கவில்லை என்றால் மகளுக்கு ஒரு செய்தி போகும். அவர் ஒரு போன் போடுவார். படம் இல்லை, குரல் இல்லை. அம்மா எழுந்தாரா இல்லையா என்ற ஒரே தகவல். இதைக்கூட அம்மாவிடம் காட்டி, விளக்கி, அவர் சரி என்ற பிறகுதான் பொருத்த வேண்டும். வேண்டாம் என்றால் கழற்றிவிட வேண்டும்.

தொடங்க நினைப்பவருக்கு ஒரு வேண்டுகோள். 12 வோல்ட், 5 வோல்ட் பக்கம் நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சோதனை செய்யுங்கள். 230 வோல்ட் பக்கத்தைத் தொழில் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்யுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவுத் துண்டிப்பான்) இருக்கிறதா என்று அவரிடம் முதலில் கேளுங்கள். தானியங்கி வேலை செய்யாதபோது மோட்டாரைக் கையால் போட ஒரு பைபாஸ் ஸ்விட்ச் அவசியம். எங்கள் மோட்டார் போர்டின் கதவில் உட்புறமாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பைபாஸை எப்படிப் போடுவது, எத்தனை நிமிடத்தில் தொட்டி நிறையும், எங்கே பார்த்து நிறுத்துவது, யாரைக் கூப்பிடுவது என்று நான்கு வரி, பெரிய எழுத்தில், தமிழில். முதல் சிப்பை வாங்கும் முன் அந்த ஸ்விட்சைப் பொருத்தி அந்தத் தாளை எழுதி ஒட்டுங்கள்.